வீட்டுக்கு ஓராள்

1995ஆம் ஆண்டு ஜனவரி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை காலை, அலோசியஸ் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரை விட்டு ஹம்பேர்க்குக்குப் புறப்பட்டான். முதல்நாள் பெய்த பனி ரயில் மேடையின் ஓரத்தில் கரைந்தும் கரையாமலும் கிடந்தது. அவன் நாலு வருடம் கோப்பை கழுவிய ஹோட்டலை நத்தார்ப் பண்டிகையோடு இழுத்து மூடிவிட்டார்கள். ஹம்பேர்க் துறைமுகத்துச் சாப்பாட்டுச்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், உடனே வந்தால் வேலை நிச்சயம் என்று அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி ஜோன்சன் சொல்லியிருந்தான். அங்கே ஒரு வீடு அகப்படும்வரை மனைவி பற்றிமாவும் ஏழு வயது மகள் நடாலியும் இங்கேயே இருப்பது என்று ஏற்பாடு.

ரயிலில் ஏறியவன் கதவு மூடப்போகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டினான்.

"இஞ்சேரும், ஒண்டு சொல்ல மறந்துபோனன்."

"வீட்டுத் திறப்பைக் கொண்டுபோறியளோ?"

"அதில்லை. வெல்டிங் வகுப்பு. என்ர இடம் சும்மா கிடக்கப்போகுது. நீர் போம்."

"எனக்கென்ன தெரியும் இரும்பைப் பற்றி?"

"எனக்கு மட்டும் தெரியுமே? மூண்டு கிழமை போய் ஒரு கையுறையை எரிச்சதுதான் நான் செய்த வேலை. வீட்டுக்கு ஓராள் எண்டுதானே விமலண்ணை பேர் எழுதினவர். எங்கட வீட்டிலயிருந்து ஆள் போகாட்டி மரியாதையில்லை."

அவள் சொன்ன மறுமொழி கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. பிறகு அவன் முகம் மெல்ல நகர்ந்து, எத்தனையோ முகங்களோடு சேர்ந்து ஒரு நீளமான கோடாகிப் போனது.

பற்றிமா தொங்குரயிலில் வீடு திரும்பினாள். ஆற்றுக்கு மேலே, வீட்டு ஜன்னல்களை உரசுவதுபோலப் போகும் அந்த ரயிலில் ஏறினால் அவளுக்கு எப்போதும் ஒருவிதமான மயக்கம் வரும். கீழே தண்ணீர், மேலே இரும்பு, நடுவில் தான். அந்தப் பதினைந்து நிமிடம் அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய தாயும் இல்லை. காலையில் சலவைச்சாலையில் மடித்துவைக்கும் படுக்கைவிரிப்புகள்கூட நினைவுக்கு வராது. அன்றைக்கு முதன்முறையாக அவள் நிமிர்ந்து மேலே இருந்த இரும்புத் தூண்களைப் பார்த்தாள். இத்தனை கனத்தையும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்தாள்.

வெல்டிங் வகுப்பின் கதை இதுதான். வுப்பர்டால் தமிழர் சங்கத்தின் செயலாளர் விமலநாதன் ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எந்தப் படிவத்தைக் கண்டாலும் நிரப்பாமல் விடமாட்டார். அகதியாக வந்து வதிவிட உரிமை பெற்றவர்களுக்குத் தொழில் பழக்க அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது என்று அறிந்ததும் ஒரு Antrag, அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டார். பன்னிரண்டு இடங்கள் கிடைத்தன. ஆனால் சங்கத்திலோ ஐம்பது குடும்பங்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

விமலநாதன் இதற்கு அதிகம் மண்டையை உடைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கும், மாதா திருநாளுக்கும், செத்தவீட்டுக்குச் சமைப்பதற்கும் சங்கம் எப்படி ஆள் பிரிக்குமோ அப்படியே பிரித்தார். முதலில் கேட்ட பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஓராள். எந்த ஆள் என்பது அந்த வீட்டுக்காரர் பாடு. படிவத்தில் பெயர் கேட்டிருந்த இடத்தில் அந்தந்த வீட்டுத் தலைவனின் பெயரை எழுதினார். எப்போதும் அப்படித்தான் எழுதுவது. திருவிழாவில் பந்தல் கட்ட அண்ணன் வருவான் என்று எழுதியிருக்கும், தம்பி வந்து கட்டிவிட்டுப் போவான். பந்தல் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்களே தவிர, கட்டியவன் யார் என்று எவரும் கேட்டதில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பற்றிமா நடாலியை விமலநாதனின் மனைவி குணேஸ்வரியிடம் விட்டுவிட்டு, பழைய நாடாத் தொழிற்சாலை ஒன்றின் பின்பக்கத்தில் இருந்த வேலைக்கொட்டிலுக்குப் போனாள். தோல் மேலங்கி அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஆளுக்கொன்றாகத் திரை மறைத்த தடுப்புகள். பக்கத்துத் தடுப்பில் நின்ற ஆள் முகமூடியை உயர்த்தியபோது அது சங்கத்துப் பெண் தக்சாயினியாக இருந்தது. தமையனின் பெயரில் வந்திருந்தாள். அவனுக்கு அந்த மாதம் இரவுவேலை.

"வாங்கோ அக்கா, உங்களையும் பிடிச்சுப் போட்டினமோ? அங்கால நிக்கிறது முருகேசு மாமா. மருமோனுக்குக் காய்ச்சலாம். மாமாவுக்கு அறுபத்தொரு வயசு, கண்ணாடி போட்டு, அதுக்கு மேல முகமூடி போட்டு, பாக்க நல்ல விசேஷம்."

"உனக்கென்னடி விசேஷம்? போன கிழமை நீ மேசையோட சேத்து ஒட்டினதைக் கழட்ட நாலு பேர் வந்தவை," என்றார் முருகேசு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பயிற்றுநர் ஹெர் கோல்ப் அதிகம் பேசாத மனிதர். வேலை செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டே இருப்பார். புதிய முகத்தைக் கண்டு ஒரு கணம் சீட்டியை நிறுத்தினார். பிறகு பட்டியலைப் பார்த்தார். "அலோசியஸ்?" என்றார். பற்றிமா கொஞ்சமும் யோசிக்காமல், ஓம் என்பதற்கு ஜெர்மனில் "யா," என்றாள். அந்த வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்பதுதானே கேள்வி. கோல்ப் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுபடியும் சீட்டியடிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு தடுப்பு, பன்னிரண்டு முகமூடி, ஒன்றும் வெறுமையாக இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

முகமூடியை இறக்கியதும் உலகம் அணைந்தது. ஊசி முனையளவு வெளிச்சமும் இல்லாத பச்சை இருட்டு. வெல்டிங் குச்சியின் நுனி தகட்டைத் தொட்டதும் அந்த இருட்டுக்குள் ஒரு குட்டிச் சூரியன் எழும்பியது. அதன் அடியில் இரும்பு உருகி, ஒரு சின்னக் குளமாக நடுங்கியது. குளத்தின் கரை ஒரு பக்கம் உறைந்துகொண்டு வர, மறுபக்கம் உருகிக்கொண்டு போனது. குளம் போகிற இடத்துக்கு அவள் கை போனது. அவசரப்பட்டால் குளம் உடைந்தது. தாமதித்தால் தகடு ஓட்டையானது. நடுவில் ஒரு வேகம் இருந்தது, மூச்சு விடுகிற வேகம். அதைப் பிடித்துக்கொண்டபோது அவளுக்குக் கை இருப்பதே மறந்துபோனது. கோல்ப் தோளைத் தட்டிய பிறகுதான் ஏழு மணியாகிவிட்டது தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் தவறவில்லை. மற்ற வீடுகளிலிருந்து ஆள் மாறி மாறி வந்தார்கள். செவ்வாய் கணவன், புதன் மனைவி, வியாழன் மச்சான். பற்றிமாவின் வீட்டில் மாறுவதற்கு ஆள் இல்லை. மாசி போய் பங்குனி வந்தது. சலவைச்சாலையில் விரிப்பை மடிக்கும்போதும், பருப்புச் சட்டியைக் கிளறும்போதும், அவள் வலது கை சின்னச் சின்னப் பிறைகளாகத் தானே அசைந்துகொண்டிருக்கும். நடாலி அதைப் பார்த்து, "அம்மா கறிக்குள்ள எழுதுறா," என்று குணேஸ்வரியிடம் சொல்லிச் சிரித்தாள். சித்திரையில் ஒரு நாள் கோல்ப் அவள் ஒட்டிய தகட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேலே படிந்த கசடைத் தட்டிய பிறகு, தகடுகளைச் சேர்த்த தையல் மீன் செதில்போல ஒரே சீராகக் கிடந்தது. அவர் சீட்டியடிப்பதை நிறுத்தினார்.  தகட்டை மற்றவர்கள் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மே மாதம் பதினோராம் திகதி, வியாழக்கிழமை, நிதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஃப்ராவ் ரைட்டர் என்ற அம்மையார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். மெலிந்த, உயரமான பெண். கையில் பட்டியல். அவர் எல்லோரையும் வேலையை நிறுத்தி வரிசையாக நிற்கச் சொன்னார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "யா" கேட்டது. யாரும் ஒளிக்கவில்லை, ஒருவர் குரலிலும் கலக்கம் இல்லை.

"அலோசியஸ்?"

"யா," என்று சொல்லி, மரியாதைக்காகப் பற்றிமா முகமூடியை உயர்த்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உயர்த்தினார்கள்.

ஃப்ராவ் ரைட்டர் பட்டியலைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார், திரும்பவும் பட்டியலைப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்களின் பெயருக்கு வந்து நின்றவர்களில் நாலு பேர் பெண்கள். 1961இல் பிறந்ததாக எழுதியிருந்த இடத்தில் முருகேசு மாமா, நரைத்த மீசையோடு அவரைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெயர் மாற்றி ஆள் அனுப்பியது மோசடி. வகுப்பு உடனே நிறுத்தப்படுகிறது. இதுவரை கொடுத்த பணம் முழுவதையும் சங்கம் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொட்டிலுக்குப் பூட்டு விழுந்தது.

விமலநாதனால் அதைத் தாங்க முடியவில்லை. பணத்தைவிட 'மோசடி' என்ற சொல்தான் அவரை வருத்தியது. "இவ்வளவு காலமும் ஒரு முத்திரையைக்கூடக் கள்ளமா ஒட்டினவனில்லை நான்," என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்குள் நடந்தார். மறுமொழி எழுதினார். அதற்கு மறுமொழி வந்தது. இரண்டு பக்கமும் எழுதி எழுதிக் கடைசியில் விஷயத்தைப் பேசித் தீர்ப்பதற்கு, ஓய்வுபெற்ற நீதிபதி ஹெர் லாங்கே என்பவரை நடுவராக வைக்க இரு பகுதியாரும் சம்மதித்தார்கள்.

முதல் கூட்டம் ஜூலை ஆரம்பத்தில், தேவாலயத்து மண்டபத்தில் நடந்தது. குணேஸ்வரி பெரிய தட்டில் உழுந்துவடை கொண்டுபோய் வைத்தாள். ஃப்ராவ் ரைட்டர் தான் அரச அலுவலர், எதையும் வாங்கக்கூடாது என்று தட்டை மெல்லத் தள்ளிவைத்தார். நடுவர் எந்தச் சட்டத்தையும் சொல்லாமல் நாலு வடை சாப்பிட்டார். அன்று ஃப்ராவ் ரைட்டர் ஒரு வழி சொன்னார். பட்டியலில் பெயருள்ள பன்னிரண்டு பேரும், வெளியிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் தேர்வில் தகடு ஒட்டிக் காட்டட்டும். பன்னிரண்டு பேரும் தேறினால் பணம் வீண்போகவில்லை என்று அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். மற்றவர்கள் அந்தக் கொட்டிலுக்கு ஒருபோதும் வரவில்லை என்று கொள்ளப்படும்.

விமலநாதன் முகம் தெளிந்து வந்தார். அன்று பின்னேரமே பற்றிமாவின் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தார்.

"பிள்ளை, பன்னிரண்டில ஏழு பேர் இடைக்கிடையெண்டாலும் வந்து பழகினவங்கள், தப்பிவிடுவாங்கள். அஞ்சு பேர்தான் சிக்கல். உம்மட மனிசன் ஜனவரிக்குப் பிறகு குச்சியைத் தொடவே இல்லை."

"ஓம் அண்ணை."

"தேர்வில ஒவ்வொருத்தரும் தனித்தனித் தடுப்பு. எல்லாருக்கும் முகமூடி. அலோசியஸ் வந்து முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடட்டும். உள்ளுக்கு நீர் நிண்டு ஒட்டும். உம்மட கை தங்கக் கை எண்டு கோல்பே சொல்லுறான்."

"அப்ப சான்றிதழ்ப் பத்திரம்?"

"அது அலோசியஸின்ர பேரில வரும். ஏன் பிள்ளை, உங்கட வீட்டுக்குத்தானே?"

 வெளியே தொங்குரயில் ஒன்று போனது. அதன் நிழல் சுவரில் ஏறி, மாதா படத்தைத் தடவி, மறுசுவரால் இறங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அலோசியஸ் தொலைபேசியில் வந்தான். அவனுக்கு விஷயம் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது.

"செய்து விடும் அப்பா. என்ர பேரிலயிருந்தால் என்ன, உம்மட பேரிலயிருந்தால் என்ன? நானும் நீரும் வேற வேறயே?"

"அப்ப என்ர பேரில இருக்கட்டுமன்."

மறுமுனையில் அவன் துறைமுகத்துக் கூச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தினான்.

"நீர் பகிடிக்குச் சொல்லுறீரோ?"

"இல்லை. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நீங்கள் போகச் சொன்ன அண்டைக்கு வீட்டுக்காகத்தான் போனனான். வீட்டுக்கு ஓராள் எண்டு இல்லாட்டி என்னை ஆர் உள்ளுக்கு விட்டிருப்பினம்? ஆனால் அந்த முகமூடிக்குள்ள நான் ஒரு வீடு இல்லை. நான்தான் அதுக்குள்ள நிண்டனான்."

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. தான் மறுத்தால் சங்கம் அவ்வளவு பணத்துக்கும் எங்கே போகும்? விமலண்ணை இனி ஒரு கடதாசியிலும் நிம்மதியாகக் கையெழுத்து வைப்பாரா? அந்தக் கிழமை முழுவதும் அவள் தூங்கி எழும்பினாலும் பச்சை இருட்டுக்குள்தான் நடந்தாள். சலவைச்சாலையில் வெள்ளை விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் மடித்து வைத்தாள். ஒன்றிலும் யார் மடித்தது என்று எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் கூட்டத்துக்கு அவளும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. குணேஸ்வரியின் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபடியால் யாரும் மறிக்கவும் இல்லை. ஒப்பந்தத் தாள் மேசையில் கிடந்தது. விமலநாதன் பேனையின் மூடியைக் கழற்றிவிட்டார். பற்றிமா தட்டை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பிள்ளை?" என்றார் விமலநாதன்.

அவள் நடுவரைப் பார்த்துத் தன்னுடைய சலவைச்சாலை ஜெர்மனில், வெட்டி வெட்டிப் பேசத் தொடங்கினாள். அலோசியஸ் என்று "யா" சொன்னது நான். ஏமாற்றுவதற்குச் சொல்லவில்லை. எங்கள் வழக்கத்தில் வேலைக்கு வீடுதான் பெயர் கொடுக்கும், ஆள் யாராகவும் இருக்கலாம். கோயிலைக் கூட்டுவதும் அப்படித்தான், செத்தவீட்டுக்குச் சமைப்பதும் அப்படித்தான். அதனால் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த பணத்தில் இருபத்துமூன்று பேர் பழகியிருக்கிறோம். நீங்கள் பன்னிரண்டு வெல்டர்களுக்குத்தானே பணம் கொடுத்தீர்கள்? இருபத்துமூன்று பேரையும் தேர்வுக்கு விடுங்கள். தகட்டில் பெயர் வேண்டாம், இலக்கம் போடுங்கள். பன்னிரண்டு தகடு தேறினால் உங்கள் கணக்குச் சரி. தேறாவிட்டால் நாங்கள் பணத்தைக் கட்டுகிறோம். ஆனால் நான் ஒட்டுவதை நான் ஒட்டியதாக ஒட்டவேண்டும். அவருடைய முகமூடிக்குள் நின்று ஒட்டமாட்டேன்.

கடைசி வசனத்தைக் கேட்டதும் விமலநாதன் முகம் சுருங்கிப் போனது. ஃப்ராவ் ரைட்டர் நிமிர்ந்து, அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தப் பார்வையை மடித்து வைத்துக்கொண்டார். அவர் எதையும் கேட்கவில்லை.

"சட்டத்தில் அதற்கு இடம் இல்லை," என்றார் ஃப்ராவ் ரைட்டர் கடைசியில்.

"மறுப்பதற்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்டார் நடுவர்.

ஃப்ராவ் ரைட்டர் தன் கோப்பைப் புரட்டினார். மண்டபத்தின் வண்ணக் கண்ணாடி வழியே விழுந்த நீல வெளிச்சம் அவர் விரல்களில் ஊர்ந்தது. முன்னுக்கும் பின்னுக்குமாகப் பத்து நிமிடம் புரட்டியிருப்பார். "எழுதப்படவில்லை," என்றார்.

அப்படித்தான் ஒப்பந்தம் மாறியது. இருபத்துமூன்று பேரும் வரலாம். பன்னிரண்டு தகடு தேறவேண்டும். ஆனால் சான்றிதழ், பட்டியலில் பெயருள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் விரும்பினால் தனியாக விண்ணப்பிக்கலாம், அதை அலுவலகம் பிறகு ஆராயும். வெளியே வந்ததும் விமலநாதன் பற்றிமாவை விட்டு விறுவிறென்று நடந்தார். வீதி முனைவரை போய்த் திரும்பி வந்தார்.

"பிள்ளை, என்னை ஒரு பெரிய கள்ளத்திலயிருந்து காப்பாத்திப் போட்டீர். ஆனால் எனக்கு உம்மில கோவம்தான். ரெண்டும் உண்மை," என்றார்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் திகதி, சனிக்கிழமை, கொட்டில் திறந்தது. பெயர் பட்டியலில் இருந்தபடியால் அலோசியஸும் வந்தே ஆகவேண்டும். காலை ரயிலில் வந்திறங்கியவன் நேரே கொட்டிலுக்கு வந்தான். அவள் தோல் மேலங்கியோடு நிற்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. வேற ஆரோ எண்டு நினைச்சிட்டன்."

பரிசோதகர் ஒரு பெட்டிக்குள் இலக்கத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். அலோசியஸுக்கு நாலு. பற்றிமாவுக்குப் பதினேழு. காலை முழுவதும் கொட்டில் நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. முகமூடியை இறக்கிப் பற்றிமா குச்சியைத் தகட்டில் தொட்டாள். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலும் அந்தக் குளம் அவளுக்காக அங்கேயே காத்திருந்தது. கரை உறைய உறைய அவள் அதன் பின்னால் போனாள். சங்கமும் கடிதங்களும் ஹம்பேர்க்கும் மிகத் தூரத்தில், யாரோ சொல்லிக் கேட்ட கதைபோல இருந்தன.

மத்தியானம் தகடுகளை ஒவ்வொன்றாக அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைத்தார்கள். தையல் வெடிக்காமல் தகடு வில்லாக வளைந்தால் தேர்ச்சி. ஒன்று, தேறியது. இரண்டு, தேறியது. மூன்று வெடித்தது. நாலாம் தகடு இயந்திரம் தொட்டதுமே இரண்டாகப் பிரிந்து நிலத்தில் விழுந்தது.

"ஆரின்ர தகடு அது? பிட்டு மாதிரி உதிருது!" என்று கத்தினாள் தக்சாயினி.

"ஹம்பேர்க் சரக்கு, அப்படித்தான் இருக்கும்," என்றான் அலோசியஸ். கொட்டில் முழுவதும் சிரிப்பு. பரிசோதகருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவரும் சிரித்தார்.

பிறகு சிரிப்புக் குறைந்தது. பதின்மூன்றாம் தகட்டில் முருகேசு மாமா தேறினார், வாயைத் திறந்தபடி நின்றார். பதினாறு வெடித்தது. அதுவரை ஏழு. பதினேழை எடுத்து வைத்தார்கள். இரும்பு முனகியது. தகடு மெல்ல மெல்ல, தலைகுனிந்து வணங்குவதுபோல வளைந்தது. பரிசோதகர் பூதக்கண்ணாடியால் தையலின் நீளம் முழுவதும் பார்த்தார். விரலால் தடவினார். "அழகு," என்றார். அது தேர்வுப் படிவத்தில் இல்லாத சொல். ஃப்ராவ் ரைட்டர் படிவத்தில் ஒரு சரி அடையாளம் மட்டும் போட்டார்.

இருபத்திரண்டாம் தகட்டோடு எண்ணிக்கை பன்னிரண்டானது. விமலநாதன் ஒரு கதிரையைத் தேடி அமர்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அன்று பின்னேரம் தாளில் இரண்டு பகுதியாரும் கையெழுத்து வைத்தார்கள். மோசடி என்ற சொல் அடிக்கப்பட்டது. பணம் திருப்பிக் கேட்கப்படவில்லை. பட்டியல்காரரில் தேறியவர்களுக்கு அங்கேயே சான்றிதழ் கொடுத்தார்கள். பற்றிமாவுக்குக் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வளைந்த தகட்டைத் தரச் சொல்லிக் கேட்டாள். அது அலுவலகத்துச் சொத்து என்றார்கள்.

திங்கட்கிழமை அவள் தன் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினாள். விமலநாதன் உதவிக்கு வந்தார். அவள் பேனையைக் கொடுக்கவில்லை, தானே எழுதினாள்.

மார்கழியில் ஹம்பேர்க்கில் வீடு கிடைத்தது. அலோசியஸ் வாடகை வானோடு வந்து சாமான்களையும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே ஆற்றோரமாகக் கப்பல் திருத்தும் இடங்கள் இருந்தன. S-பான் என்ற நகர ரயிலில் வேலை தேடிப் போகும்போது, தூரத்தில் கப்பலின் வயிற்றுக்குக் கீழே நீல வெளிச்சம் எழும்பி அணைவதைக் காண்பாள். ஒருமுறை இறங்கிப் போய்க் கேட்டாள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். கையை நீட்டிப் பத்திரத்தைக் கேட்டார்கள். இல்லை என்றதும், சுத்தம் செய்யும் பகுதியில் ஆள் தேவை என்றார்கள். அவள் ஒரு வருடம் அங்கே கூட்டினாள். கசடும் கருகிய குச்சித் துண்டுகளும் அவள் விளக்குமாற்றுக்கு முன்னால் ஓடின. ஒவ்வொரு தையலையும் கடந்து போகும்போது, இது அவசரப்பட்ட கை, இது மூச்சறிந்த கை என்று அவளுக்குத் தெரிந்தது.

அலுவலகத்துக்கு வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். ஆராய்கிறோம் என்று மறுமொழி வரும், சிலவேளை அதுவும் வராது. "விடுமன் அப்பா, உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பத்தாதே?" என்பான் அலோசியஸ். பத்தாது என்று சொல்லமாட்டாள். அடுத்த கடிதத்தை எடுத்து மடிப்பாள். பிறகு அவனே முத்திரை வாங்கிவந்து மேசையில் வைப்பான். நடாலி வளர்ந்து பதினொரு வயதானாள். பற்றிமா இப்போது ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்தாள். மாவை உருட்டும்போதுகூட அவள் கை பிறைபிறையாகத்தான் போனது.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்பெட்டிக்குள் தடித்த உறை ஒன்று கிடந்தது. அவள் அதைப் படிக்கட்டிலேயே அமர்ந்து பிரித்தாள். உள்ளே முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றும், ஃப்ராவ் ரைட்டரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் இருந்தன.

"மதிப்புக்குரிய திருமதி பற்றிமா அலோசியஸ் அவர்களுக்கு,

1995 ஆகஸ்ட் 28ஆம் திகதி நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது. பதினேழாம் இலக்கத் தகடு உங்களுடையது என்பதை அலுவலகம் உறுதிப்படுத்துகிறது. உங்கள் பெயரிலான சான்றிதழ் இத்துடன் உள்ளது. இது தேர்வு நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே இது ஏற்கனவே காலாவதியாகிவிட்டது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்.

காலாவதியான சான்றிதழ் வைத்திருப்பவர் வகுப்புக்குப் போகாமல் நேரடியாகப் புதிய தேர்வுக்கு வரலாம். உங்களுக்கான தேர்வு நேரம் (Termin) மே மாதம் 18ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, ஹம்பேர்க்கில் பதிவு செய்யப்பட்டுள்ளது. தேர்வுக்கு நீங்கள் நேரில் வரவேண்டும். உங்களுக்குப் பதிலாக வேறு எவரும் வர முடியாது."